பழைய மடிக்கணினியும் நாங்களும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து கலையும் வேளையில் நண்பர் சிலர் எங்களைச் சூழ்ந்துகொண்டு, "கடைக்காரர் கைவிட்ட மடிக்கணினியை மீண்டும் ஓடச் செய்துவிட்டீர்களாமே! அந்த வரலாற்றை நம் இதழில் எழுதலாகாதா?" என்று வினவினர். நாங்கள் கணினி கற்றவர்கள் அல்லோம். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப் பகுதியில், பழைய லைன் வீடொன்றில் பேத்தியோடு வாழும் முதிய கணவனும் மனைவியும் நாங்கள். எனினும், ஆழம் அறிந்தவர் அதன் அளவைச் சொல்வது ஒரு வகை. முதன்முறை காலை விட்டவர் தாம் தடுமாறிய இடங்களைச் சொல்வது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கும் பயன் உண்டு என்னும் துணிவினால் இதனை எழுதுகிறோம்.

அந்தக் கணினி எங்கள் மகன் 2012ஆம் ஆண்டில் பெங்களூரில் வாங்கியது. அவன் வேறொன்று வாங்கிக்கொண்டபின் அஃது எங்களிடம் வந்து சேர்ந்தது. 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வன்தட்டும் கொண்டது. விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்தில் ஓடியது. சில ஆண்டுகள் குறையின்றி உழைத்தது; பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்து பார்த்தாலும் இன்னும் விழித்திராது.

தளர்ச்சியைப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் வேறொரு தொல்லை தொடர்ந்தது. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நிறுத்தியது. 2023இன் தொடக்கத்தில் கூகுளின் குரோம் உலாவியும் அந்த இயங்குதளத்திற்குப் புதிய பதிப்புகள் வழங்குவதை விட்டுவிட்டது. எங்கள் பேத்தி பி.யு.சி. முதலாண்டு படிக்கிறாள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவள் அமர்ந்தபோது, விண்ணப்பப் பக்கம் பழைய உலாவியில் திறக்க மறுத்தது. கைப்பேசியின் சிறு திரையில் இருமுறை முயன்றாள். இருமுறையும் பாதியில் நின்றது. கடைசி நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

பொறியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடையொன்றிற்குச் சென்றோம். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதன் காலம் முடிந்துவிட்டது, பெரியவரே. புதியது ஒன்று வாங்கிவிடுங்கள்" என்றார். அவர் சொன்ன விலை எங்கள் கையிருப்புக்கு எட்டாதது.

காலம் முடிந்துவிட்டது என்னும் சொல் எங்களுக்குப் புதிதன்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் குழுமத்தாராலும், பின்னர் மைசூர் அரசாலும், அதன்பின் நடுவண் அரசாலும் நடத்தப்பெற்ற சுரங்கங்கள் அன்றோடு ஓய்ந்தன. "இனி இந்த ஊரின் காலம் முடிந்தது" என்று அப்பொழுதும் பலர் கூறினர். காலம் முடிந்தது நிறுவனத்திற்கு, ஊருக்கு அன்று. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு உழைக்கச் சென்று இருட்டியபின் திரும்பும் மக்களால் இவ்வூர் இன்றும் வாழ்கிறது. ஆதலின், காலம் முடிந்தது பொறிக்கா, பொறிக்குள் இருந்த இயங்குதளத்திற்கா என்று கேட்டறியாமல் அதனை விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

மனம் வராமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. எங்களில் ஒருவருக்குத் தந்தையும் மற்றவருக்கு மாமனாருமான பெரியவர், தம் சுரங்க வாழ்க்கையை ஒரு குறிப்பேட்டில் எழுதியிருந்தார். 2008ஆம் ஆண்டில் தட்டச்சுக் கடை ஒன்றில் கொடுத்து அதனை முப்பது பக்க அளவில் கணினியில் ஏற்றுவித்தோம். பின்னர் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் குறிப்பேடு ஊறி அழிந்தது. பெரியவரும் மறைந்தார். அவருடைய சொற்கள் எஞ்சியிருந்த இடம் இந்த ஒரு கணினியே.

அடுத்த லைனில் ஓர் இளைஞர் இருக்கிறார். நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று கணினித் துறையில் பணிபுரிபவர். ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துப் பொறியைக் காட்டினோம். முடுக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, பொறி கெடவில்லை. இதை நடத்துகிற இயங்குதளத்தைத்தான் மாற்ற வேண்டும்" என்றார்.

"இயங்குதளம் என்பது என்ன தம்பி?" என்றோம். சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு அதை விளக்குவது எளிது என்று அவர் சிரித்தார். பாறையைத் துளைப்பவர் வேறு. கல்லை அள்ளுபவர் வேறு. ஆனால் சுரங்க வாயிலில் நின்று மணி கொடுத்துக் கூண்டை ஏற்றி இறக்குவிப்பவர் ஒருவர் இல்லையெனில், ஒருவரும் கீழே செல்லவும் இயலாது, மேலே வரவும் இயலாது. கணினியில் அந்த இடத்தில் நிற்பதே இயங்குதளம். எழுதும் மென்பொருளும் உலாவியும் நினைவகத்தையோ வன்தட்டையோ திரையையோ பயன்படுத்த வேண்டுமாயின் அதன் வழியே கேட்டுத்தான் பெற வேண்டும்.

புதிய விண்டோஸையே போடலாகாதா என்று கேட்டோம். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்ட அண்மைக்காலச் செயலியும் வேண்டும். 2012ஆம் ஆண்டுப் பொறியில் இவை இரா. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டது. இன்று அதில் குடியேறுவது, இடிக்கப்போகும் வீட்டிற்கு முன்பணம் கொடுப்பது போன்றது. எஞ்சிய வழி லினக்ஸ்.

விலையின்றிக் கிடைக்கும் என்று அவர் கூறியதும் எங்களுக்கு ஐயமே எழுந்தது. விலையில்லாப் பொருளில் தரம் இருக்குமோ? அவர் பொறுமையாக விளக்கினார். எவரும் பயன்படுத்தவும் பகிரவும் திருத்தவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை ஆக்கும் முயற்சியை 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் உட்கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்து வளர்ந்தன. நம் கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டுக்கும் அந்த லினக்ஸே உட்கரு. அறியாமலே அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதன் தரத்தை நாங்கள் ஐயுற்றோம்!

நம்மவர் வீடுகளிலும் அது முன்பே புகுந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தையும் சேர்த்தே வழங்கியது. அது நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. குடியாத்தத்தில் எங்கள் உறவினர் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்த கணினியில் அந்த இரண்டையும் கண்டிருக்கிறோம்; என்னவென்று கேட்கத்தான் அன்று தோன்றவில்லை. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினி பயில்கின்றனர். பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் தன்னார்வலர் அமைத்த அம்பேத்கர் சமுதாயக் கணினி மையத்தில் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய மென்பொருளைக் கொண்டே படம் வரையக் கற்றனர்.

இனித்தான் உண்மையான குழப்பம் தொடங்கிற்று. லினக்ஸ் ஒன்றன்று. டெபியன், உபுண்டு, மிண்ட், லுபுண்டு, பெடோரா, பப்பி என அதன் பதிப்புகள் பல. ஒரே அரிசியை வீட்டுக்கு வீடு வேறு வகையாய்ச் சமைப்பது போல, உட்கரு ஒன்றாயிருக்க, மேலே அமையும் தோற்றமும் உடன்வரும் மென்பொருள்களும் வேறுபடுகின்றன. பெங்களூரில் இருக்கும் மகன் ஒன்றைச் சொன்னான். ஓசூரில் இருக்கும் மருமகன் மற்றொன்றைச் சொன்னார். இருவரும் தொலைபேசியில் வாதிட்டதில் ஒரு மாலைப்பொழுது கழிந்தது. விண்ணப்ப நாள் மேலும் நெருங்கிற்று.

இளைஞர் மூன்றே கேள்விகள் கேட்டார். புதிதாய்த் தொடங்கும் எவர்க்கும் அவை பொருந்தும் ஆதலின் இங்குக் குறிக்கிறோம்.

முதலாவது, பொறியின் அளவு என்ன? செயலி 64 பிட்டா, 32 பிட்டா என்று காணவேண்டும். 32 பிட் பொறிகளைப் பல பதிப்புகள் கைவிட்டன. டெபியன்கூட 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு முதல் அவற்றிற்கு நிறுவுதொகுப்பு அளிப்பதில்லை. எங்களுடையது நல்வாய்ப்பாக 64 பிட். அடுத்தது நினைவகம். 4 ஜி.பி. இருப்பின் லினக்ஸ் மிண்ட் போன்ற முழுமையான பதிப்பு இயல்பாக ஓடும். 2 ஜி.பி. மட்டும் இருப்பின் லுபுண்டு போன்ற எளிய பதிப்பு ஏற்றது. அதனினும் குறைந்தால் ஆன்டிஎக்ஸ், பப்பி முதலியவற்றை நாடலாம்.

இரண்டாவது, கணினியில் என்ன வேலை செய்வீர்கள்? உலாவி, கடிதம், பாடக் குறிப்பு, படம், பாட்டு என்றோம். இவற்றிற்கு எந்தப் பதிப்பும் போதும். டேலி முதலிய விண்டோஸ் மென்பொருளைக் கொண்டு பிழைப்பவராயின் மாறுமுன் நன்கு எண்ண வேண்டும் என்றார்.

மூன்றாவது கேள்விதான் எங்கள் ஐயத்தைத் தீர்த்தது. இடர் வந்தால் ஓடிவந்து உதவ அருகில் யார் இருக்கிறார்? அவரையன்றி எங்களுக்கு வேறு எவருமில்லை. அவர் பயன்படுத்துவது மிண்ட். எனவே நாங்களும் மிண்ட் என முடிவு செய்தோம். எண்ணிப் பார்க்கின், நம் முன்னோரும் அவ்வாறே அன்றோ இவ்வூருக்கு வந்தனர்? வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் புறப்பட்டவர், எந்தச் சுரங்கம் சிறந்தது என்று ஆராய்ந்து வரவில்லை. தம் ஊரார் ஒருவர் முன்பே வந்து எந்த லைனில் தங்கியிருந்தாரோ, அந்த லைனைத் தேடி வந்து அதன் பக்கத்தில் குடியேறினர். எல்லாவற்றினும் சிறந்தது எது என்னும் வாதம் முடிவதில்லை. வழிகாட்ட ஒருவர் இருக்கும் இடமே புதியவர்க்குச் சிறந்த இடம்.

மிண்டிலும் மூன்று தோற்றங்கள் உண்டு. அவற்றுள் மிக எளிதாக இயங்கும் எக்ஸ்எப்சிஇ எங்கள் பொறிக்கு உரியது என்றார். 2024இல் வெளிவந்த 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029ஆம் ஆண்டு வரை திருத்தங்கள் கிடைக்கும். தம் நண்பரின் உடைந்த கணினியிலிருந்து 2 ஜி.பி. நினைவகத் துண்டொன்றும் கொண்டுவந்தார். எங்கள் பொறியின் அடிமூடியைக் கழற்றி அதனைச் செருகுமுன், துண்டின் விளிம்பில் மின்னிய பட்டைகளைக் காட்டி, "அத்தை, இது தங்கப் பூச்சு" என்றார். தலைமுறை தலைமுறையாகத் தங்கம் எடுத்தவர் வீட்டில், அதன் ஒரு பயனை நாங்கள் நேரிற் கண்டது அன்றுதான்.

எதையும் நிறுவுமுன் எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடங்களில் படியெடுக்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாய்ச் சொன்னார். ஒரு பென் டிரைவிலும், மகன் அனுப்பிய வெளிவட்டு ஒன்றிலும் படியெடுத்தோம். பிறகு மிண்ட் தளத்திலிருந்து பெற்ற ஏறக்குறைய 3 ஜி.பி. அளவுள்ள கோப்பை, எட்சர் என்னும் மென்பொருளால் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியை முடுக்கினால், வன்தட்டில் ஒன்றையும் மாற்றாமல் புதிய இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கலாம். சாமான்களை ஏற்றுமுன் புது வீட்டில் இரண்டு நாள் தங்கிப் பார்ப்பது போன்ற ஏற்பாடு இது.

முதன்முறை பழைய விண்டோஸே திறந்தது. முடுக்கும் தறுவாயில் எப்12 விசையை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பின்னரே விளங்கிற்று. பொறிக்குப் பொறி இவ்விசை மாறுபடும். திரை வந்தது, ஒலி வந்தது, கம்பியில்லா இணையம் மட்டும் வரவில்லை. கைப்பேசியைக் கம்பியால் இணைத்ததும் இணையம் கிடைத்தது. பேத்தி உடனே புதிய உலாவியைத் திறந்து, விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டாள். கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னர் அது முடிந்தது. ஒப்புகைச் சீட்டைக் கணினியில் சேமித்து, மகிழ்ச்சியோடு அணைத்தாள். மறுமுறை திறந்தால் சீட்டைக் காணோம்! இவ்வாறு ஓட்டிப் பார்க்கும்போது அதற்குள் சேமித்தவை அணைத்தவுடன் மறைந்துவிடும் என்பதை நாங்கள் அறியவில்லை. நல்லவேளையாக அதனை மீண்டும் பதிவிறக்க முடிந்தது.

மறுநாள் காலை, பெரியவரின் நினைவுக் குறிப்பைப் புதிய இயங்குதளத்தில் திறந்து பார்த்தோம். நெஞ்சு திடுக்கிட்டது. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் முப்பது பக்கங்களிலும் சிதறிக் கிடந்தன. இரண்டு படிகளையும் திறந்தோம், அவையும் அவ்வாறே. "ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்" என்று எங்களில் ஒருவர் அழுதே விட்டார். இளைஞரோ பெங்களூரில் இருந்தார். அவர் இரவு ரயிலில் வரும் வரை அடுப்பு மூட்டவும் மனமின்றிக் காத்திருந்தோம்.

அவர் வந்து பார்த்துச் சிரித்தார். கோப்பு அழியவில்லை. யூனிகோடு பரவலாவதற்கு முன், தட்டச்சுக் கடைகளில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் வழங்கின. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகளே தெரியும். பழைய விண்டோஸில் அந்த எழுத்துரு இருந்தது. அதன் கோப்பை எடுத்துப் புதியதில் சேர்த்தார். மறுகணம் பெரியவரின் சொற்கள் திரையில் தமிழாய் எழுந்தன. நம் வீடுகளில் அக்காலத்துக் கடிதங்களும் சங்கத்து அறிக்கைகளும் இவ்வாறு எத்தனை கிடக்கின்றனவோ! எழுத்துருவையும் சேர்த்துப் படியெடுக்காமல் பழைய பொறியைக் கழித்துவிட்டவர் கதி என்னவாகும்?

அடுத்த ஞாயிறன்று மிண்டை நிறுவினோம். வன்தட்டை முழுதும் அழித்து நிறுவுவதா, விண்டோஸின் பக்கத்தில் நிறுவுவதா என்று அது கேட்கும் இடத்தில் மிகக் கவனம் வேண்டும். நாங்கள் பக்கத்தில் நிறுவும் வழியையே தேர்ந்தோம். இயக்கி மேலாளர் என்னும் பகுதியில் உரிய இயக்கியைச் சேர்த்ததும் கம்பியில்லா இணையமும் வந்தது. பழைய விண்டோஸ் இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது. அதனை இணையத்தோடு இணைப்பதில்லை.

குறைகளையும் மறைக்கலாகாது. மின்கலம் பழையதே, மின்சாரம் நின்றால் பொறியும் நின்றுவிடும். சுழலும் வன்தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. வட்டு போட்டால் வேகம் இன்னும் கூடும் என்கிறார் இளைஞர். அதற்குப் பணம் சேர்க்கிறோம். பிறர் விண்டோஸில் எழுதி அனுப்பும் ஆவணங்கள் சில வேளை இங்கு வரி கலைந்து தோன்றுகின்றன. தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் சில பட்டியல்கள் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. ஐயம் எழும்போது, 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் 'கணியம்' இதழ் எங்களுக்குத் துணையாகிறது.

விசைப்பலகையில் தமிழ்நெட் 99, கன்னடம், ஆங்கிலம் மூன்றையும் வைத்திருக்கிறோம். மூன்று மொழியும் புழங்கும் வீட்டிற்கு மூன்றும் வேண்டும். கல்லூரியில் தமிழ் எழுதும் வாய்ப்பில்லாத பேத்தி, இப்பொழுது மாலைதோறும் தன் கொள்ளுத்தாத்தாவின் குறிப்பை யூனிகோடில் புதிதாய்த் தட்டச்சு செய்கிறாள். ஒரு நாள் நிமிர்ந்து, "தாத்தா, ராக் பர்ஸ்ட் என்று எழுதியிருக்கிறாரே, அப்படியென்றால் என்ன?" என்று கேட்டாள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில், மேலுள்ள மலையின் பாரம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதைச் சொன்னோம். அந்த அதிர்ச்சியில் லைன் வீடுகளின் பாத்திரங்கள் ஆடியதையும், பெண்கள் சுரங்க வாயிலுக்கு ஓடியதையும் சொன்னோம். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை முழுதும் அடித்து முடித்தே எழுந்தாள்.

நம் வீடுகளில் அலமாரி மேல் துணி சுற்றிக் கிடக்கும் பழைய மடிக்கணினிகள் பல இருக்கும். அவற்றைக் கழிக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். முதலில் உள்ளதைப் படியெடுங்கள். பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். அருகில் உதவ வல்லவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதனையே தேர்ந்தெடுங்கள். எங்கள் பென் டிரைவைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். வேண்டுவோர் கொண்டுசென்று, வேலை முடிந்ததும் திருப்பித் தருக.